புகையை விரட்டிய ரம்போர்டு பிரபு

அடுப்பு புகைகிறது.

வீடு முழுவதும் ஒரே புகை. கண் எரிகிறது. தொண்டை கமறுகிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை இருமுகிறது. ஊதாங்குழலை எடுத்து ஊதி ஊதி, வீட்டு அம்மாளுக்கு மூச்சு வாங்குகிறது. உலையோ இன்னும் கொதிக்கவில்லை.

விழுப்புரத்திலும், திண்டிவனத்திலும், சுற்றிலும் உள்ள கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பட்ட பாடு இது.

மல்லாட்டை விளையும் பூமி அது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த மல்லாட்டை ரகங்கள், டி.எம்.வி. என்ற பெயரோடு நாடெங்கும் பரவியிருக்கின்றன. சவுக்குத் தோப்புகளும் அங்கே உண்டு. மல்லாட்டைத் தோல், சவுக்கு மிலார், எருமுட்டை இவைதான் அந்தப் பக்கத்து அடுப்புக்குத் தீனி.

கியாஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும் விறகு அடுப்பை மூட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மரத்தூளையும் மல்லாட்டைத் தோலையும் எந்திரத்தில் அழுத்திச் சிறு சிறு குச்சிகளாகச் செய்து, அதை எரிக்கும் புது மாதிரி அடுப்புகளும் வந்திருக்கின்றன.

எந்த அடுப்பாக இருந்தாலும், புகைந்தால் பழி யார் மேல் விழும்? விறகு விற்றவர் மேல் விழும். இல்லாவிட்டால், அடுப்பு மூட்டத் தெரியாதவள் என்று வீட்டுப் பெண் மேல் விழும்.

குற்றம் ஆளிடம் இல்லை, அடுப்பைக் கட்டிய விதத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் ஒருவர் உண்டு. அதுவும் 200 ஆண்டுகளுக்கு முன்பு! கண்டுபிடித்ததோடு அவர் நிற்கவில்லை. அடுப்பைத் திருத்தியும் காட்டினார்.

அவர் பெயர் ரம்போர்டு. அவர் ஒரு விஞ்ஞானி. படைத் தளபதி. மந்திரி. பிரபு. ஒரு காலத்தில் உளவாளி!

அவருடைய வாழ்க்கை, கதையை விட விறுவிறுப்பானது.

வெடி மருந்து வெடித்தது

ரம்போர்டின் இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். 1753-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி, அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள ஊபர்ன் என்ற ஊரில் பிறந்தார். குடியானவர் குடும்பம். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்து கொண்டார்.

13-வது வயதில் சிறுவனை சேலம் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். இது நம் சேலம் அல்ல. அமெரிக்காவில் உள்ள துறைமுகப் பட்டினம். அங்கே ஒரு வியாபாரியின் கடையில் வேலை.

கடை வேலையில் அவனுக்கு மனம் செல்லவில்லை. எதைப் பார்த்தாலும் அது எப்படி நடக்கிறது என்று ஆராய்வான். ஒரு கொண்டாட்டத்துக்காக வாணவெடி தயாரித்தான். மருந்தை இடிக்கும்போது அது வெடித்துவிட்டது! உடம்பெல்லாம் தீக்காயம். உயிர் பிழைத்ததே பெரிது.

தீயிடம் அவன் கற்ற முதல் பாடம் அது. ஆனால் பயந்து ஓடவில்லை. தீயை ஆராய்வதே பிற்காலத்தில் அவன் வாழ்க்கையாயிற்று.

கல்லூரியில் சேர்ந்து படிக்கப் பணம் இல்லை. ஹார்வர்டு கல்லூரியில் விஞ்ஞானப் பேராசிரியர் நடத்தும் பாடத்தைக் கேட்பதற்காக, ஒரு நண்பனோடு பல மைல் தூரம் நடந்தே போவான். பாடம் முடிந்ததும் நடந்தே திரும்புவான். கேட்ட சோதனைகளை வீட்டில் செய்து பார்ப்பான்.

பணக்கார விதவை

பெஞ்சமின் வாலிபரானார். நல்ல உயரம். அழகான முகம். இனிய பேச்சு. கான்கார்டு என்ற ஊரில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்த ஊருக்கு முன்பு இருந்த பெயர் ரம்போர்டு.

அங்கே சாரா என்ற பணக்கார விதவை இருந்தார். அவர் பெஞ்சமினை விடப் பல ஆண்டு மூத்தவர். 1772-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அப்போது பெஞ்சமினுக்கு வயது 19. நேற்று வரை ஏழை ஆசிரியர். இன்று பெரிய நிலச்சுவான்தார். கவர்னரின் நட்பும், பட்டாளத்தில் மேஜர் பதவியும் கிடைத்தன.

1774-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கும் சாரா என்றே பெயர். சாலி என்று செல்லமாக அழைத்தார்கள்.

உளவாளி ஆனார்

அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் விடுதலைக் கிளர்ச்சி மூண்டது. இங்கிலாந்து ராஜாவின் ஆட்சியை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். பெஞ்சமின் ராஜா பக்கம் சேர்ந்தார்.

ஊர் மக்களுக்குச் சந்தேகம் வந்தது. ஆத்திரத்தோடு கிளம்பினார்கள். மனைவியையும் பச்சைக் குழந்தையையும் விட்டுவிட்டு பெஞ்சமின் ஊரை விட்டு ஓடினார்.

சந்தேகம் பொய் அல்ல. கண்ணுக்குத் தெரியாத மையினால் கடிதம் எழுதி, விடுதலைப் படையின் ரகசியங்களை அவர் ஆங்கிலத் தளபதிக்கு அனுப்பிக் கொண்டிருந்தார். அந்தக் கடிதம் பிற்காலத்தில் வெளிச்சத்துக்கு வந்தது.

1776-ல் அவர் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். மனைவியை அதன் பிறகு அவர் பார்க்கவே இல்லை. 1792-ல் அந்த அம்மாள் இறந்தார். மகளைப் பார்க்க 20 ஆண்டுகள் ஆயின!

லண்டனில் பெஞ்சமினுக்கு நல்ல காலம் பிறந்தது. மந்திரியின் காரியாலயத்தில் பெரிய பதவி கிடைத்தது. துப்பாக்கி மருந்தைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சிக்காக, 1779-ல் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக் கொண்டது. 1784-ல் ராஜா அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்.

மியூனிக் நகரத்துப் பிச்சைக்காரர்கள்

பிறகு அவர் ஜெர்மனிக்குப் போனார். பவேரியா என்ற நாட்டின் மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்தார். தலைநகரம் மியூனிக்.

அந்த நகரத்தில் எங்கே பார்த்தாலும் பிச்சைக்காரர்கள். கோவிலுக்குப் போனால் பிச்சைக்காரர்கள். கடைக்குப் போனால் பிச்சைக்காரர்கள். கொடுக்காவிட்டால் மிரட்டவும் செய்தார்கள்.

1790-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. புத்தாண்டு நாள். பிச்சைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் இறங்கும் நாள். அன்று தாம்சன் அதிகாரிகளோடு தெருவுக்கு வந்தார். முதல் பிச்சைக்காரரை அவரே பிடித்தார். சிப்பாய்கள் மற்றவர்களைப் பிடித்தார்கள். ஒரு வாரத்தில் சுமார் 2,600 பேர் பிடிபட்டார்கள்.

பிடித்தவர்களை அவர் சிறையில் தள்ளினாரா? இல்லை. அவர்களுக்காக ஒரு தொழிற்சாலையைத் தயாராக வைத்திருந்தார். சுத்தமான இடம். குளிருக்கு இதமான அறைகள். நூல் நூற்கவும், துணி நெய்யவும், பட்டாளத்துக்குச் சட்டை தைக்கவும் கற்றுக் கொடுத்தார். செய்த வேலைக்குக் கூலி. மத்தியானம் இலவசச் சாப்பாடு.

சாப்பாடு என்றால், பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு போட்டுக் காய்ச்சிய கெட்டியான கஞ்சி. அப்போது அந்த ஊர் மக்கள் உருளைக்கிழங்கைத் தொடமாட்டார்கள். அதனால் கிழங்கு இருப்பதே தெரியாதபடி, கரையும் வரை வேகவைத்துப் போட்டார்கள். ருசித்துக் குடித்தார்கள். பிறகு விஷயம் தெரிந்தபோது, கிழங்கு இல்லாத கஞ்சி வேண்டாம் என்கிற நிலை வந்துவிட்டது!

ஒரு தடவை தாம்சனுக்கு உடம்பு மோசமாயிற்று. அந்த ஏழைகள் ஊர்வலமாகக் கோவிலுக்குப் போய், அவருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். அன்னிய நாட்டார், வேறு மதப்பிரிவைச் சேர்ந்தவர். அவருக்காக ஏழைகள் தாங்களாகவே செய்த பிரார்த்தனை அது.

விறகு எங்கே போகிறது?

தினம் நூற்றுக்கணக்கான பேருக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும். விறகோ ஏராளமாகச் செலவாயிற்று. தாம்சன் சமையல் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தார். அடுப்பை உற்றுப் பார்த்தார். விறகில் உள்ள சூடு எங்கே போகிறது?

திறந்த அடுப்பு. நடுவில் பெரிய நெருப்பு. அதன் மேல் பானை. சூட்டில் பெரும்பகுதி பானைக்குப் போகவில்லை. பக்கவாட்டில் வெளியேறி, சமையல்காரரைத்தான் சுட்டது. மற்றொரு பகுதி புகையாகப் போயிற்று.

புகை என்பது என்ன? எரியாமல் தப்பிப் போன விறகுதான் புகை!

விறகு சூடேறும்போது அதிலிருந்து ஆவி கிளம்புகிறது. அந்த ஆவியோடு போதிய காற்றும் போதிய சூடும் சேர்ந்தால், அது சுடராக எரியும். காற்று போதாவிட்டாலும், சூடு போதாவிட்டாலும், ஆவி எரியாமல் புகையாக வெளியே போய்விடும். ஆகவே, புகைகிற அடுப்பு காசைக் கரியாக்குகிற அடுப்பு.

தாம்சன் புது மாதிரி அடுப்பு கட்டினார். செங்கல் சுவருக்குள் பானையை இறக்கி வைத்தார். ஒவ்வொரு பானைக்கும் கீழே தனித்தனியாகச் சிறு நெருப்பு. நெருப்புக்கு அடியில் இரும்புக் கம்பித் தட்டு. சாம்பல் கம்பி வழியே கீழே விழும். காற்று கீழிருந்து கம்பி வழியே மேலே ஏறும். காற்று வரும் வழிக்கு ஒரு சிறு கதவு. அதைத் திறந்தால் தீ எழும்பும். மூடினால் அடங்கும். சூடான புகை பானையைச் சுற்றி வந்த பிறகுதான் புகைபோக்கிக்குப் போகும்.

விறகுச் செலவு மளமளவென்று குறைந்தது.

மன்னர் மகிழ்ந்தார். தாம்சனுக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. எந்தப் பெயரில் பிரபுவாக விரும்புகிறார்? தாம்சன் தேர்ந்தெடுத்த பெயர் ரம்போர்டு. மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஓடி வந்தாரே, அந்த ஊரின் பழைய பெயர்!

லண்டனைக் கலக்கினார்

1795-ல் ரம்போர்டு பிரபு லண்டனுக்குத் திரும்பினார். வந்த அன்றே திருட்டு! வண்டியில் இருந்த பெட்டியைத் திருடர்கள் அடித்துக் கொண்டு போய்விட்டார்கள். பல ஆண்டுகளாக எழுதிய ஆராய்ச்சிக் குறிப்புகள் அதோடு போயின.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. லண்டனில் அவருக்காக ஒரு வேலை காத்திருந்தது.

குளிர் நாடு அல்லவா? வீட்டுக்கு வீடு சுவரில் கணப்பு அடுப்பு இருக்கும். அதில் நிலக்கரி எரிப்பார்கள். பணக்காரர் வீடானாலும் ஏழை வீடானாலும் ஒரே புகை. சுவர் கறுத்தது. துணி கறுத்தது. நெஞ்சும் கறுத்தது.

ரம்போர்டு வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். டாக்டர் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். நோய் புலப்பட்டது. புகைபோக்கியின் தொண்டை மிகப் பெரிதாக இருந்தது!

தொண்டை பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். அதுதான் தவறு. பெரிய தொண்டை வழியே அறையில் உள்ள சூடான காற்று வீணாக மேலே போகும். மேலே உள்ள குளிர்ந்த காற்று கீழே இறங்கும். இறங்கும் காற்று, ஏறும் புகையை மறிக்கும். புகை அறைக்குள் திரும்பும்.

ரம்போர்டு தொண்டையைச் சுமார் 4 அங்குலமாகக் குறுக்கினார். பின் சுவரை முன்னால் கொண்டு வந்தார். பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டினார். சாய்ந்த சுவரில் பட்ட சூடு அறைக்குள் திரும்பியது. புகை நேராக மேலே போயிற்று. இதற்கு வேண்டியது கொஞ்சம் செங்கல், கொஞ்சம் சாந்து, ஒரு கொத்தனார். அவ்வளவுதான்!

லண்டன் முழுவதும் இதே பேச்சு. நூற்றுக்கணக்கான வீடுகளில் அடுப்பைத் திருத்திக் கட்டினார்கள். 1796-ல் ரம்போர்டு அந்த முறையை எல்லோரும் அறியும்படி எழுதி வெளியிட்டார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜெபர்சன் கூடத் தம் மாளிகையில் ரம்போர்டு அடுப்பு கட்டிக் கொண்டார். ஒரு காலத்தில் அந்த நாட்டுக்கு எதிராக உளவு பார்த்தவரின் அடுப்பு!

அதே 1796-ல் மகள் சாலி அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தாள். கைக்குழந்தையாக விட்டு வந்த மகளுக்கு இப்போது வயது 21. தந்தையின் முகமே அவளுக்குத் தெரியாது.

நெருப்பு இல்லாமல் கொதித்த தண்ணீர்

ரம்போர்டு மீண்டும் மியூனிக் போனார். அங்கே பீரங்கி செய்யும் தொழிற்சாலை அவர் மேற்பார்வையில் இருந்தது. வெண்கலக் குழாயைத் துளைக்கும்போது, அது கை வைக்க முடியாதபடி சுட்டது. துளை போடும் தச்சர்கள் எல்லோரும் அறிந்த விஷயம்தான். ஆனால் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

சூடு என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒருவகைத் திரவம் என்று அக்கால விஞ்ஞானிகள் நம்பினார்கள். ரம்போர்டு சோதித்துப் பார்த்தார். பீரங்கி உலோகத்தைச் சுற்றிப் பெட்டி கட்டி, அதில் தண்ணீர் ஊற்றினார். மழுங்கிய துளைக்கருவியை வைத்து, குதிரை பூட்டிச் சுற்ற விட்டார். 1 மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் சுட்டது. 2½ மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் தளதளவென்று கொதித்தது! நெருப்பு ஒரு பொறி கூட இல்லை. வேடிக்கை பார்த்தவர்கள் பிரமித்துப் போனார்கள்.

சுற்றச் சுற்றச் சூடு வந்து கொண்டே இருந்தது. தீர்ந்து போகவே இல்லை. ஆகவே சூடு ஒரு திரவம் அல்ல. அது ஒருவகை அசைவு என்று ரம்போர்டு முடிவு கட்டினார். 1798-ல் இதை ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார்.

வெப்பத்தையும் ஒளியையும் ஆராய்பவருக்குப் பதக்கம் தரும்படி, ராயல் சொசைட்டிக்கு அவர் 1,000 பவுன் கொடுத்திருந்தார். முதல் பதக்கம் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ரம்போர்டுக்கே!

1799-ல் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞான நிலையம் தோன்ற அவர் காரணமாக இருந்தார். விஞ்ஞானம் சாதாரண மக்களின் வீட்டுக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் நோக்கம். சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஆபத்தில்லாத விளக்கு செய்து கொடுத்த டேவி அங்கேதான் வேலை பார்த்தார். கொல்லர் மகனாகப் பிறந்து மாமேதையான பாரடே அங்கேதான் வளர்ந்தார்.

சொந்த வீட்டில் புகைச்சல்

ரம்போர்டு பாரிஸ் நகரத்தில் குடியேறினார். 1805-ல் மறுமணம் செய்து கொண்டார். மணமகள் யார்? லவாய்சியே என்ற பெரிய விஞ்ஞானியின் விதவை. தீ எரிவது எப்படி என்பதை உலகத்துக்கு விளக்கியவர் லவாய்சியே. காற்றில் உள்ள பிராணவாயுவைச் சேர்த்துக் கொண்டுதான் தீ எரிகிறது என்று காட்டியவர் அவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794-ல், அவர் தலையை வெட்டிவிட்டார்கள்.

தீயை விளக்கியவரின் மனைவி, புகையை விரட்டியவரைக் கைப்பிடித்தார். பொருத்தமான ஜோடி என்று ஊர் பேசியது. ஆனால் குடும்பம் நடக்கவில்லை. அந்த அம்மாளுக்கு விருந்தும் கூட்டமும் வேண்டும். ரம்போர்டுக்கு அமைதி வேண்டும். ஒரு நாள் விருந்தாளிகள் உள்ளே வர முடியாதபடி ரம்போர்டு வாசல் கதவைப் பூட்டிவிட்டார். ஆத்திரம் கொண்ட மனைவி, அவர் ஆசையாக வளர்த்த பூச்செடிகளில் வெந்நீரை ஊற்றிவிட்டார்! 1809-ல் இருவரும் பிரிந்தார்கள்.

ஊரார் வீட்டுப் புகைக்கெல்லாம் காரணம் கண்டவர், தம் வீட்டுப் புகைச்சலைத் தீர்க்க முடியாமல் போனார். பேச்சு வன்மை உடையவர். ஆனால் கர்வம் அதிகம். யாரோடும் நெடுநாள் ஒத்துப் போக முடியவில்லை.

கடைசிக் காலத்தில் பாரிஸ் அருகே ஆட்டூயி என்ற இடத்தில் தனித்து வாழ்ந்தார். குளிர்காலத்தில் எல்லோரும் கறுப்பு உடை உடுத்துவார்கள். அவர் மட்டும் வெள்ளை உடையில் நடமாடுவார். வெள்ளை உடை உடம்புச் சூட்டை வெளியே விடாது என்பது அவர் கருத்து. 1814-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி காய்ச்சலில் இறந்தார். அப்போது வயது 61.

தம் சொத்தின் ஒரு பகுதியை அவர் ஹார்வர்டுக்கு எழுதி வைத்தார். பாடம் கேட்கப் பையனாக நடந்து போன அதே கல்லூரி!

நம் நாட்டில்

ரம்போர்டு தொடங்கிய வேலையை நம் நாட்டிலும் செய்தவர்கள் உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தி வந்தார். அங்கே மகன் சூலா என்ற புகைபோக்கி அடுப்பு உருவாயிற்று. ஐதராபாத்தில் டாக்டர் எஸ்.பி. ராஜு புகையில்லாத அடுப்பை அமைத்து, 1953-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அந்தப் புத்தகம் சென்னையில் அச்சாயிற்று. 1980-களில் இந்திய அரசாங்கம் புகையில்லா அடுப்புகளை நாடெங்கும் பரப்பியது. 2016-ல் ஏழைப் பெண்களுக்குக் கியாஸ் இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் வந்தது.

ஆனாலும் விறகோ, குச்சியோ எரிக்கிற வீட்டில் ரம்போர்டின் பாடம் இன்றைக்கும் உதவும். அடுப்பு புகைந்தால் ஊதாங்குழலை எடுப்பதற்கு முன்பு சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

விறகு காய்ந்திருக்கிறதா? ஈர விறகின் சூடு, தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். குச்சி விறகு ஈரம் பட்டால் தூளாக உதிரும். தூள் காற்றை அடைக்கும்.

அடியில் சாம்பல் அடைத்திருக்கிறதா? மல்லாட்டைத் தோல் போன்றவற்றில் சாம்பல் சேரும். சில சமயம் சாம்பல் உருகிக் கட்டி தட்டும். அடுப்பு ஆறிய பிறகு அதைத் தட்டி எடுக்க வேண்டும்.

காற்று வரும் துளை திறந்திருக்கிறதா? சுடர் சோம்பி, நுனி கறுத்து ஆடினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அடுப்பு வாயில் விறகைத் திணித்தாலும் இதே கதிதான். காற்று மிதமிஞ்சிப் போனாலும் தீமைதான். சூட்டை அது அடித்துக் கொண்டு போய்விடும்.

புகைபோக்கியில் கரி படிந்திருக்கிறதா? தேங்காய் நாரும் நீண்ட கழியும் இருந்தால் வீட்டிலேயே துடைத்துவிடலாம்.

தணல் இருக்கும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது ஆபத்து. கதவு, ஜன்னலைச் சாத்திய அறையில் கரி எரிப்பது அதைவிட ஆபத்து. அதில் வரும் விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

புகையால் வருவது கண் எரிச்சல் மட்டும் அல்ல. நெஞ்சு நோயும், கண் நோயும், குழந்தைகளுக்கு நுரையீரல் காய்ச்சலும் வரக் காரணமாகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

ரம்போர்டு பெரிய பிரபு. ஆனாலும் சமையல் கூடத்தில் போய் உட்கார்ந்து, அடுப்பை உற்றுப் பார்க்க வெட்கப்படவில்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் இனி அடுப்பு புகைந்தால், வீட்டு ஆண்களும் அடுப்பங்கரைக்கு வந்து பார்க்கலாம். அந்த அம்மாளைக் குறை சொல்வதற்கு முன்பு, அடியில் அடைத்த சாம்பலைத் தள்ளிக் கொடுக்கலாம்.